மீட்டு வந்த முயல் சினையா? முதல் நாளிலிருந்து குட்டிகள் பிரியும் வரை

சேலத்தில் கைவிடப்பட்ட முயல் ஒரு வீட்டுக்கு வந்து சேரும் கதை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வாரச்சந்தையிலோ கடையிலோ ‘ரெண்டும் பெட்டைதாங்க’ என்று சொல்லி ஒரு சோடியை விற்கிறார்கள். நான்கைந்து மாதத்தில் அதில் ஒன்று கிடா என்று தெரிகிறது. அப்புறம் வீடு மாற்றம், கோடை, நாற்றம் என்று ஏதோ ஒரு காரணம் வருகிறது. பெட்டை முயல் ஒரு அட்டைப் பெட்டிக்குள் உங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறது. கொண்டுவந்தவர்கள் கிடாவைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும், மூன்றரை மாதம் தாண்டிய எந்தப் பெட்டையையும் சினை என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சினை இல்லையென்றால் உங்களுக்கு நஷ்டம் ஒரு பெட்டியும் கொஞ்சம் காய்ந்த புல்லும்தான்.

முயல் வளர்த்துப் பழக்கமில்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டை முயலுக்குத் தன் வேலை தெரியும். சூடு, எறும்பு, பூனை, கிடா, அக்கம்பக்கத்துக் கைகள் ஆகியவற்றை அதனிடமிருந்து தள்ளி வைப்பதும், தினம் ஒரு முறை கூட்டைத் திறந்து பார்ப்பதும் நம் வேலை. இதற்கு மேல் செய்ய வேண்டிய நேரங்கள் சில உண்டு, அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

வீட்டு முயல்தானா என்று பாருங்கள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலோ அடிவாரத்துப் புதரிலோ கிடைத்தது என்றால் இதை முதலில் பாருங்கள். நம் காடுகளில் இருப்பது காட்டு முயல், வேறு இனம். மண் நிறம், நீண்ட காதுகள், நெடிய பின்னங்கால்கள், பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும். அது குழி தோண்டுவதில்லை, புல்லுக்கு நடுவே தரையிலேயே குட்டி போடும். குட்டிகள் பிறக்கும்போதே முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். பகல் முழுக்கத் தாய் பக்கத்தில் இருக்காது, இருட்டிய பிறகு வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். எனவே புல்லில் தனியாக உட்கார்ந்திருக்கும் குட்டி அநாதை இல்லை, அதை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். காட்டு முயலை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்டிருந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

வெள்ளை, கறுப்பு வெள்ளைத் திட்டு, சாம்பல், சிவப்புக் கண் என்றிருந்தால் அது வீட்டு முயல். நம் பக்கம் அதிகம் தென்படுவது நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் போன்ற பண்ணை இனங்களும் அவற்றின் கலப்பும். இவற்றைக் ‘காட்டிலேயே விட்டுவிடலாமே’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கூண்டில் பிறந்த முயல் சேர்வராயன் மலையில் ஓர் இரவு தாண்டுவதே பெரிது.

முதல் இரண்டு நாள்

அமைதியான, நிழலான, காற்று வரும் ஒரு மூலை. அவ்வளவுதான் அதற்கு முதலில் தேவை. குளிப்பாட்ட வேண்டாம். முயலைக் குளிப்பாட்டினால் பயத்திலும் குளிரிலும் உயிரே போகலாம். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தூக்கியாக வேண்டும் என்றால் ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில் இருக்க வேண்டும். பின்பக்கம் தாங்கலில்லாமல் தொங்கினால் அது உதைக்கிற உதையில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும். சினையாக இருக்கும் கடைசி வாரத்தில் தூக்காமலே இருப்பது நல்லது.

வீட்டில் வேறு முயல் இருந்தால் தனியாக வையுங்கள். கிடாவாக இருந்தால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம்கூட வேண்டாம், வேறு அறையே வேண்டும். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெட்டை மறுபடி சினைப்படத் தயாராகிவிடும். ஒரு ஈத்துக்கு, அதாவது ஒரே பிரசவத்தில் பிறந்த குட்டிகளுக்கு, பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈத்தை வயிற்றில் சுமப்பது அதன் உடம்பை உருக்கிவிடும்.

இதற்கு முன் என்ன தின்றது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சோறும் பிஸ்கட்டும் தின்று வந்திருந்தாலும் ஒரே நாளில் நிறுத்திப் புல்லுக்கு மாற்றாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். சினை முயல் தின்பதை நிறுத்துவது ஆபத்து. அரை நாள் முழுக்க எதையும் தொடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

இந்த இரண்டு நாளுக்குள் ஒரு டாக்டரையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டாஸ்பத்திரி எல்லா ஒன்றியத்திலும் இருக்கிறது. ஆனால் மாடும் ஆடும் பார்த்துப் பழகியவர் முயலையும் பார்ப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நாய் பூனை பார்க்கும் தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். போன் செய்து ‘முயல் பார்ப்பீங்களா’ என்று கேட்டுவிட்டே போங்கள். பெரிய சிக்கல் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிழக்குப் பக்கம் ஆத்தூர்க்காரர்களுக்குத் தலைவாசல் கல்லூரி பக்கம். ஏற்காட்டில் இருப்பவர்கள் இந்தப் பயணத்தை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். நிறைமாதத்தில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவது எந்த முயலுக்கும் நல்லதில்லை.

காது ஓரத்திலும் மூக்கிலும் வெள்ளையாகப் பொருக்கு தட்டியிருந்தால் அது சொறி. சந்தையிலிருந்து வரும் முயல்களிடம் சாதாரணமாகப் பார்ப்பதுதான், ஊசியில் சரியாகிவிடும். ஆனால் சினை என்பதைச் சொல்லித்தான் ஊசி போட வேண்டும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை முயலின் முதுகில் விடாதீர்கள். ஃபிப்ரோனில் கலந்த மருந்து முயலைக் கொல்லும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பதும் அப்படியே. பென்சிலின் வகை மருந்து வாய்வழி போனால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, முயலும் செத்துப்போகும்.

நாள் கணக்கு

முயலின் சினைக்காலம் 28 முதல் 32 நாள். பெரும்பாலும் 31ஆம் நாள் குட்டி போடும். எப்போது சினைப்பட்டது என்று நமக்குத் தெரியாது. ஆனால் உங்களிடம் வந்த நாளிலிருந்து கிடாவைப் பார்க்கவில்லை என்பது தெரியுமே. வந்த தேதியைக் காலண்டரில் குறித்து அங்கிருந்து 35 நாள் எண்ணுங்கள். அதற்குள் எதுவும் நடக்காவிட்டால் சினை இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் சினையை அனுபவமுள்ள டாக்டர் வயிற்றைத் தொட்டே சொல்லிவிடுவார். நீங்கள் அமுக்கிப் பார்க்க வேண்டாம்.

வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு அங்குமிங்கும் ஓடுவதும், தாடையின் கீழிருந்தும் வயிற்றிலிருந்தும் முடியைப் பிடுங்குவதும் குட்டி போடப்போவதன் அடையாளம். சில முயல்கள் இதை இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்கும், சில அரை மணி முன்புதான். இன்னொரு விஷயம்: பொய்ச் சினையிலும், அதாவது வயிற்றில் குட்டி இல்லாமலே சினைபோல் நடந்துகொள்ளும்போதும், முயல் கூடு கட்டும். வேறொரு பெட்டை மேலே ஏறினாலே பொய்ச் சினை பிடித்துவிடும். 16, 18 நாளில் கூடு கட்டிவிட்டு எதுவும் போடாமல் சும்மா இருந்தால் அதுதான் காரணம். கட்டிய கூட்டைக் கலைக்காமல் சில நாள் விட்டுவிடுங்கள்.

இடமும் சூடும்

முயலுக்குக் குளிர் பரவாயில்லை, வெயில்தான் எமன். 30 டிகிரிக்கு மேல் போனால் சிரமப்படும். சேலத்துச் சித்திரையில் வெயில் 40ஐத் தொடும், தகரக் கொட்டகைக்குள் இன்னும் கூடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலோ மொட்டை மாடியிலோ சினை முயலை வைக்கவே கூடாது. தரைத்தளத்தில், வடக்குப் பக்க அறையில், சிமெண்டுத் தரையில் வைப்பதுதான் நல்லது. மதியம் ஒரு பாட்டில் ஐஸ் தண்ணீரைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், அதுவே போய்ச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். காதை ஈரத்துணியால் துடைக்கலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், எச்சில் வடிந்தால் உடனே டாக்டர்.

ஏற்காட்டில் சிக்கல் வேறு. ஐயாயிரம் அடி உயரத்தில் பனிமூட்டமும் ஈரமும் சேர்ந்து புல்லைப் பூசணம் பிடிக்க வைத்துவிடும். அந்தப் புல்லைத் தின்னவும் கூடாது, அதில் குட்டி படுக்கவும் கூடாது. புல் மூட்டையை அடுப்படிப் பரணில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பித் தரைக் கூண்டு என்றால் பாதி இடத்துக்குப் பலகை போடுங்கள், பாதம் புண்ணாகாது. கூண்டைத் தரையில் வைக்காமல் நான்கு கால் கொடுத்து நிறுத்தி, ஒவ்வொரு கால் அடியிலும் தண்ணீர் ஊற்றிய ஒரு கிண்ணம் வையுங்கள். இது எறும்புக்காக. பிறந்த குட்டிக்கு முடி கிடையாது, நகரத் தெரியாது, பால் வாடை வேறு. நெருப்பெறும்பு ஒரே இரவில் மொத்த ஈத்தையும் முடித்துவிடும். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு சுள்ளியோ நூலோ பாலமாகிவிடாமலும் பாருங்கள். எலியும் பெருச்சாளியும் நுழையாத அளவுக்கு வலைக்கண் சின்னதாக இருக்க வேண்டும். பூனை, நாய், மலையில் குரங்கும் மரநாயும் என்று காவல் பட்டியல் நீளும். இரவில் கூண்டு வீட்டுக்குள் இருந்தால் இதில் முக்கால்வாசிக் கவலை தீரும்.

தீனி

முயலுக்குப் புல்தான் சோறு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. காய்ந்த புல் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். அருகம்புல், கொழுக்கட்டைப்புல், கம்பு நேப்பியர் தீவனப்புல் எல்லாம் நல்லவை. சினை முயலுக்கும் பால் கொடுக்கும் முயலுக்கும் கூடுதல் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். அதற்குக் குதிரைமசால், வேலிமசால் என்ற தீவனச் செடிகள், அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை. மாடு வைத்திருப்பவர்களிடம் வேலிமசால் கேட்டால் ஒரு கட்டு சும்மாவே கிடைக்கும். உழவர் சந்தையில் கடை கட்டும் நேரத்தில் போனால் கேரட் தழை, முள்ளங்கித் தழை, கொத்தமல்லி அள்ளிக்கொண்டு வரலாம். பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், நன்றாக அலசி ஈரம் உலர்த்திக் கொடுங்கள்.

முயல் குச்சித் தீவனம் (பெல்லட்) கிடைத்தால் சினைக் காலத்தில் நாளுக்கு ஒரு கைப்பிடி போதும். குட்டி போட்ட பிறகு சில நாளில் படிப்படியாக இரண்டு மூன்று கைப்பிடிக்கு ஏற்றுங்கள். குச்சித் தீவனம் இல்லையென்றால் ஊறவைத்த கொண்டைக்கடலையும் கோதுமைத் தவிடும் கொஞ்சம் கொடுக்கலாம். நாமக்கல் பக்கம் என்பதால் கோழித் தீவனம் எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். அதை முயலுக்குப் போடாதீர்கள். கோழிக்காக அதில் கலக்கும் சில மருந்துகள் முயலுக்கு ஆகாது.

சேலத்துக்கே உரிய இன்னொரு ஆபத்து மரவள்ளி. மரவள்ளி இலையிலும் பச்சைத் தோலிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளியைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையான திப்பியை மாட்டுக்கு வைப்பதைப் பார்த்து முயலுக்கும் வைப்பார்கள். வெறும் மாவுச்சத்து முயலின் குடலைக் கெடுக்கும், வேண்டாம். இளம் சோளப்பயிரும் மரவள்ளி மாதிரியே விஷம். மலையில் வேலியெங்கும் பூத்துக் கிடக்கும் உண்ணிச்செடி, பட்டர் ஃப்ரூட் மரத்தின் இலையும் பழமும், காப்பிச் செடி, அரளி, ஊமத்தை, எருக்கு எதுவும் எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குத் தழை, தக்காளித் தழை, ரொட்டி, சாக்லேட் ஆகியவையும் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான்.

தண்ணீரைக் கனமான மண்சட்டியில் வையுங்கள், கவிழ்க்காது. பால் கொடுக்கும் முயல் குடிக்கும் தண்ணீரைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். குட்டி போடும் இரவில் சட்டி காலியாக இருப்பது, தாய் குட்டியைக் கடிப்பதற்கு ஒரு காரணம்.

ஈத்துப் பெட்டி

மண்டியில் கேட்டால் மரத்தாலான பழைய மாம்பழப் பெட்டி கிடைக்கும். ஏறக்குறைய ஒன்றேகால் அடி நீளம், முக்கால் அடி அகலம், முக்கால் அடி உயரம். பெரிய உடம்புக்காரி என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். தாய் உள்ளே திரும்ப முடிந்தால் போதும், உலாவ இடமிருந்தால் உள்ளேயே மூத்திரம் போகும். ஒரு பக்கத்தை அரை அடி உயரத்துக்கு வெட்டி வாசலாக்குங்கள், தாய் தாண்டும், குட்டி தாண்டாது. ஆணி துருத்திக்கொண்டிருக்கிறதா என்று உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அட்டைப் பெட்டி அவசரத்துக்கு ஆகும், மூன்று நாளில் நனைந்து தொய்ந்துவிடும்.

அடியில் செய்தித்தாள், அதன்மேல் நாலு விரல் உயரத்துக்கு மெத்தென்ற காய்ந்த புல். வைக்கோல் மட்டும் கிடைத்தால் நறுக்கிக் கசக்கிப் போடுங்கள். தறி ஓடும் ஊர் என்பதால் கழிவு நூலும் பஞ்சும் நம் வீடுகளில் எளிதாகக் கிடைக்கும். மெத்தென்று இருக்கிறதே என்று அதைக் கூட்டில் போட்டுவிடாதீர்கள். குட்டியின் காலிலும் கழுத்திலும் நூல் சுற்றி இறுக்கிவிடும். சாக்குப் பையும் பிரிந்து நூலாகும், அதுவும் வேண்டாம்.

பெட்டியை எதிர்பார்க்கும் நாளுக்கு நான்கைந்து நாள் முன்பே வைத்துவிடலாம். நாள் தெரியாத முயலுக்கு வந்த அன்றே வைத்துவிடுங்கள். அது பெட்டியைக் கழிப்பறையாக்கினால் இடத்தை மாற்றுங்கள். முயல் எந்த மூலையில் ஒன்றுக்குப் போகிறதோ அதற்கு எதிர் மூலையில் பெட்டி இருக்க வேண்டும்.

குட்டி போடும் இரவு

நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில், பெரும்பாலும் நீங்கள் தூங்கும்போதே, அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எழுந்து பார்த்தால் பெட்டிக்குள் ஒரு முடிக் குவியல் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். வெளிச்சம் போட்டு, வீடியோ எடுத்து, வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவதெல்லாம் அன்றைக்கு வேண்டாம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வெடியோ தீபாவளியோ அந்த வாரத்தில் வருமானால் கூண்டை வீட்டின் உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள். திடுக்கிட்ட தாய் பெட்டிக்குள் குதித்துக் குட்டிகளை மிதிக்கும்.

அரை மணிக்கு மேல் முக்கியும் எதுவும் வரவில்லை, ரத்தம் நிற்கவில்லை, ஒரு குட்டி பாதியில் நிற்கிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். நீங்களாக இழுக்கக் கூடாது.

காலையில் தாய்க்கு ஒரு பிடி கொத்தமல்லியை எட்டத்தில் வைத்துவிட்டு, அது தின்னும் நேரத்தில் கையைக் கழுவி, கூட்டுப் புல்லைக் கையில் தேய்த்துக்கொண்டு, முடியை விலக்கிப் பாருங்கள். ‘மனுசக் கை பட்டா தாய் சேத்துக்காது’ என்று ஒரு பாட்டியாவது சொல்வார். வீட்டு முயலுக்கு அது பொருந்தாது. உங்கள் வாடை அதற்குப் பழகியதுதான். பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து. கூட்டில் ஒரு செத்த குட்டி கிடந்து அழுகினால் மற்றவையும் போய்விடும். எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு முதல் எட்டு என்பது சாதாரணம், பெரிய இனங்களில் பன்னிரண்டுவரைகூடப் போகும். செத்ததையும் நஞ்சுக்கொடி மிச்சத்தையும் எடுத்துவிட்டு முடியைப் பழையபடி மூடுங்கள்.

சில தாய்கள், முக்கியமாக முதல் ஈத்துக்காரிகள், குட்டிகளைக் கம்பித் தரையில் அங்கங்கே போட்டுவிடும். நாயும் பூனையும் குட்டியைக் கவ்வித் தூக்கும், முயல் அப்படிச் செய்யாது. வெளியே விழுந்த குட்டி வெளியேதான் கிடக்கும், நீங்கள்தான் எடுத்துப் போட வேண்டும். சில்லிட்டு விறைத்திருந்தால் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, அல்லது வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அதன்மேல் படுக்க வைத்து, சூடேற்றுங்கள். சூடேறியும் அசையவில்லை என்றால்தான் செத்தது. சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டக் கூடாது, முதலில் சூடு, அப்புறம்தான் பால். தாய் முடி பிடுங்காமல் விட்டிருந்தால் அதன் வயிற்று முடியை நீங்களே மெல்ல உருவிக் கூட்டில் போடலாம். அந்தச் சமயத்தில் முடி சுலபமாகக் கழன்று வரும்.

தாய் குட்டிப் பக்கமே போகவில்லையே!

முயல் வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். பகலெல்லாம் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாய் புல் தின்றுகொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்குப் பதறும். முயலின் வழக்கமே அதுதான். நாளுக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை, மூன்று நான்கு நிமிடம் நின்று பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பெரும்பாலும் விடிகாலையில். கூட்டில் அதிக நேரம் இருந்தால் வாடை பிடித்து நரி வரும் என்ற பழைய காட்டுப் புத்தி இன்னும் அதன் ரத்தத்தில் இருக்கிறது. இது தெரியாமல் ‘தாய் கைவிட்டுவிட்டது’ என்று இங்க் ஃபில்லரில் பசும்பால் ஊற்றி, நுரையீரலுக்குள் பால் போய், நன்றாக இருந்த குட்டிகளைக் கொன்றவர்கள் நிறைய.

தாயைக் கவனிக்காதீர்கள், குட்டியின் வயிற்றைப் பாருங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு பந்துபோல் உப்பியிருக்கும், மெல்லிய தோலுக்கு அடியில் பால் வெள்ளையாகவே தெரியும். தோல் மினுமினுப்பாக இருக்கும், கூட்டமாகச் சேர்ந்து அமைதியாகக் கிடக்கும். குடிக்காத குட்டிக்கு வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும். சமையலறைத் தராசு இருந்தால் காலையில் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். பத்து கிராம் துல்லியத் தராசு இதற்கு உதவாது, ஒரு கிராம் காட்டுவது வேண்டும்.

முதல் நாள் முழுக்கப் பால் கொடுக்காமல் அன்று இரவுதான் தொடங்கும் தாய்களும் உண்டு. ஆகவே பிறந்து ஒரு முழு நாள் பொறுங்கள். அதற்குப் பிறகும் எல்லாக் குட்டியின் வயிறும் ஒட்டியே இருந்தால், தாயைத் தூக்கிப் பெட்டிக்குள் குட்டிகளின் மேல் நிற்கும்படி வைத்து, தலையைத் தடவிக்கொண்டே பத்து நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். குட்டிகளே காம்பைத் தேடிக்கொள்ளும். காலையும் மாலையும் இப்படி இரண்டு மூன்று நாள் செய்தால் பல தாய்கள் தாமாகவே தொடங்கிவிடும். அப்போதே காம்புகளையும் தடவிப் பாருங்கள். கல் மாதிரி இறுகி, சூடாக, சிவந்தோ நீலம் பாரித்தோ இருந்தால் மடிநோய். அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்தக் குட்டிகளை இன்னொரு தாயிடம் விடக் கூடாது, நோய் தொற்றிக்கொள்ளும்.

தாய் இல்லாத குட்டிகள்

தாய் செத்துப்போனாலோ உண்மையாகவே பால் இல்லாவிட்டாலோ, முதலில் தேட வேண்டியது அதே வயதுக் குட்டிகள் உள்ள இன்னொரு தாய். சேலத்தைச் சுற்றி முயல் பண்ணைகள் இருக்கின்றன, இரண்டு மூன்று நாள் வயது வித்தியாசத்துக்குள் இருந்தால் சேர்த்துக்கொள்ளும். கிடைக்கவில்லையென்றால்தான் நம் கை. பூனைக்குட்டிகளுக்கான பால் பவுடர் கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் ஆட்டுப்பால். நாளுக்கு இரண்டு வேளை. முதல் வாரத்தில் வேளைக்கு 2 முதல் 2.5 மில்லி, இரண்டாம் வாரம் 5 முதல் 7, மூன்றாம் வாரம் 7 முதல் 13 வரை. உடம்பின் அளவைப் பார்த்து மாறும்.

ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில், குட்டியை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு சொட்டு விட்டு அது நக்கிய பிறகு அடுத்த சொட்டு. மல்லாக்கப் போட்டுப் புகட்டக் கூடாது. மூக்கில் பால் குமிழி வந்தால் நிறுத்தித் துடையுங்கள். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றையும் ஆசனவாயையும் மெல்லத் தடவிவிட வேண்டும். கண் திறக்கும்வரை குட்டிக்குத் தானாக ஒன்றுக்குப் போகத் தெரியாது. இவ்வளவு செய்தும் எல்லாக் குட்டியும் பிழைக்காது. டாக்டர்கள் வளர்த்தாலும் அதே நிலைதான்.

நாள்கள் நகரும்போது

ஒரு வாரத்தில் மெல்லிய முடி மூடிவிடும். பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். 13ஆம் நாளும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆறவைத்த உப்புநீரில் பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றித் துடையுங்கள், பிய்த்துத் திறக்காதீர்கள். இமைக்கு அடியில் சீழ் தெரிந்தால் டாக்டர்.

கோடையில் குட்டிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, காது சிவந்து, மூச்சிரைத்துக் கிடந்தால் கூட்டில் சூடு அதிகம். மேலிருக்கும் முடியில் பாதியை எடுத்துத் தனியே வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள். ஐப்பசி மழைக்கு வேண்டியிருக்கும். ஏற்காட்டில் குளிருக்குக் குண்டு பல்பு தொங்கவிடுவார்கள். கூட்டுக்கு நேர் மேலே வேண்டாம், குட்டி வெந்துவிடும், புல்லும் பற்றும். வெந்நீர் பாட்டில் போதும். நனைந்த புல்லை மட்டும் மாற்றுங்கள். தாய் கூட்டுக்குள் போட்டுவிட்டுப் போகும் ஒன்றிரண்டு புழுக்கையைத் துடைத்தெடுக்க வேண்டாம். குட்டிகள் அதைக் கொறிப்பதில்தான் அவற்றின் குடலுக்கு நல்ல கிருமிகள் போய்ச் சேருகின்றன.

மூன்றாம் வாரத்தில் பெட்டியைவிட்டுக் குதித்து வந்து தாயின் புல்லைக் கொறிக்கத் தொடங்கும். காய்ந்த புல்லும் அகலமான தாழ்ந்த தட்டில் தண்ணீரும் வையுங்கள். ஆழச் சட்டியில் குட்டி மூழ்கும். கீரையைத் தாய் தின்னும் வகையில் ஒவ்வொன்றாக, ஒரு நாளைக்கு ஓரிரு இலையாகத்தான். நான்கிலிருந்து எட்டு வாரம்வரை கழிச்சல் காலம். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி குடலைத் தாக்குவது இந்த வயதில்தான். பின்பக்கம் ஈரமாக, முதுகு கூனி, ஒரு குட்டி மூலையில் ஒதுங்கினால் புழுக்கையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு குட்டியோடு மாட்டாஸ்பத்திரிக்குப் போங்கள். தரையைத் தினமும் கூட்டி, உலர்ந்ததாக வைத்திருந்தால் இது பெரும்பாலும் எட்டிப் பார்க்காது.

பிரிப்பதும் கொடுப்பதும்

எட்டு வாரம்வரை தாயோடு இருக்கட்டும். சந்தையில் ஒரு மாதக் குட்டியை விற்பது அது அழகாக இருப்பதால்தான், அந்த வயதில் பிரிந்தால் கழிச்சல் கண்டு சாவது அதிகம். பிரிக்கும்போது தாயை எடுத்துவிட்டுக் குட்டிகளைப் பழகிய கூண்டிலேயே விடுங்கள்.

பத்து வாரத்தில் ஆண், பெண் பார்த்துப் பிரித்தே ஆக வேண்டும். பன்னிரண்டு வாரத்தைத் தாண்டவிடாதீர்கள். மூன்றரை நான்கு மாதத்தில் அண்ணன் தங்கைக்குள்ளேயே சினை பிடித்துவிடும், மகன் தாயையும் விடமாட்டான். குறியின் இரு பக்கமும் மெல்ல அமுக்கினால் கிடாவுக்கு வட்டமாகக் குழல்போல் வெளியே வரும், பெட்டைக்கு நீளவாக்கில் பிளவாகத் தெரியும். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்களும் ‘ரெண்டும் பெட்டைதாங்க’ என்று சொல்லி யாரிடமாவது கொடுத்துவிடுவீர்கள்.

குட்டி கேட்டு வருபவர்களில் சிலர் கறிக்காகக் கேட்பார்கள். முயல் கறி நம் பக்கம் புதிதில்லை, அதில் ஒளிவுமறைவும் இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம், ஆனால் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். வளர்க்கத்தான் என்பவர்களிடம் வீட்டில் நாய் இருக்கிறதா, மே மாதம் முயலை எங்கே வைப்பார்கள் என்று கேளுங்கள். ‘மாடியில ஒரு ஷெட் இருக்கு’ என்ற பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். ஒற்றைக் குட்டியாகக் கொடுப்பதைவிட ஒரே ஈத்துப் பெட்டைகள் இரண்டாகக் கொடுப்பது நல்லது.

தாய்க்குக் குட்டிகள் பிரிந்து பால் வற்றியதும் கருத்தடை அறுவை செய்யலாம். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டராக இருக்க வேண்டும், இதை நேரடியாகக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நாய்க்குச் சொல்வதுபோல் ‘ராத்திரியிலிருந்து பட்டினி போட்டுக் கொண்டுவாங்க’ என்று யாராவது சொன்னால் அந்த இடம் முயலுக்கு ஏற்றதில்லை. முயலுக்கு வாந்தி வராது, பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும். கிடாவுக்குச் செய்வது இன்னும் சுலபம். ஆனால் அறுவை முடிந்து நான்கு முதல் ஆறு வாரம்வரை அதனால் சினைப்படுத்த முடியும். அதுவரை வேறு அறைதான்.